பேஸ் கிதாருக்கு வின்ச் கிரீஸ்

ஒரு பாட்டுக் குழுவில் யாருமே திரும்பிப் பார்க்காத ஆள் ஒருவன் இருப்பான். அவன் கையில் இருப்பதுதான் பேஸ் கிதார். பாடுகிறவரைப் பார்ப்பார்கள், டிரம்ஸ் அடிப்பவனின் வேர்வையைப் பார்ப்பார்கள், ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டவரைக்கூடப் பார்ப்பார்கள். பேஸ்காரனைப் பார்ப்பது அவன் ஒயரில் தடுக்கி விழும்போது மட்டும்தான். எனக்கு அது வசதியாக இருந்தது. நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது. கிதாரை மாட்டிக்கொண்டால் இரண்டு கைக்கும் வேலை கிடைத்துவிடும்.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். அதற்குப் பிறகு காசிமேடு மீன்பிடித் துறைமுகம்தான். விசைப்படகுகளில் வலையை இழுக்கும் வின்ச் இருக்கும். அதில் சுற்றிய இரும்பு ரோப்பை மாற்றுவதும், அறுந்ததைப் பின்னிச் சேர்ப்பதும், கிரீஸ் போடுவதும் என் வேலை. ரோப்பை எனக்குத் தெரிந்த அளவுக்கு மனிதர்களைத் தெரியாது. ரோப் குறுக்கே பேசாது என்பது ஒரு காரணம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ராயபுரத்தில் எங்கள் பாடகர் வீட்டுக்குப் போவேன். ரயில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர் அவர். எழுபதைத் தாண்டியும் ஜீன்ஸ் போடுவார். கிதாரும் வாசித்துக்கொண்டு பாடவும் செய்வார். அவருடைய வாலிபத்தில் வந்த இங்கிலீஷ் ராக் பாட்டுகள்தான் எங்கள் சரக்கு. எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது. இரண்டு பாட்டுக்கு அவரே அர்த்தம் சொன்னார். ஒன்றில் காதலி போய்விட்டாள். இன்னொன்றில் இவனே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். புரியாமல் வாசிப்பதே மரியாதை என்று அதோடு கேட்பதை விட்டுவிட்டேன்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால், அவர் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி காற்றில் ஆடுகிறது என்று கம்பி போட்டு இழுத்துக் கட்டப் போயிருந்தேன். அவருடைய பேஸ்காரர் அப்போதுதான் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோயிருந்தார். கிதாரை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார். பாடகர் என் விரலைப் பிடித்துப் பார்த்தார்.

"இது தோலா மேன், தார் ரோடா? இந்தா, இத்த இழு பாப்போம்."

இழுத்தேன். அவ்வளவுதான். வேலைக்குப் போன வீட்டில் ஒருவன் எதையாவது எடுத்துக்கொண்டு வருவான் என்பார்கள். நான் ஒரு கிதாரோடு வந்தேன். அவரே கொடுத்ததுதான்.

அந்தக் கிதாரில் இருந்த கம்பிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேஸ் கம்பி என்பது ஒற்றைக் கம்பி கிடையாது. நடுவில் ஒரு எஃகுக் கம்பி ஓடும். அதன்மேல் இன்னொரு மெல்லிய கம்பியை இடைவெளி இல்லாமல் சுற்றியிருப்பார்கள். சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் மேலே வரி வரியாகப் பள்ளம் விழும். விரலை இழுத்தால் அரத்தில் இழுத்ததுபோல் இருக்கும். ஆஸ்திரேலியாவுக்குப் போனவர் போட்டிருந்தது வேறு ரகம். சுற்றியிருந்தது உருண்டைக் கம்பி கிடையாது, பட்டைத் தகடு. பள்ளமே இல்லை. விலாங்கு மீனைத் தடவுவதுபோல் வழுவழுவென்று விரல் போகும்.

ஆனால் அப்போது எனக்கு இந்த விவரம் ஒன்றும் தெரியாது. பதினைந்து வருடமும் அதைக் கம்பி என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் வந்த சத்தம் 'தும்'. அடித்தால் ஒரு 'தும்' வரும், வந்த வேகத்தில் அடங்கிவிடும். பாட்டு கேட்கிறவனுக்கு அது காதில் விழாது, வயிற்றில் விழும். பேஸ் என்றாலே அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

போன வருடம், ஈஸ்டர் முடிந்த கையோடு, அந்த நாலு கம்பியில் மெல்லியது பட்டென்று அறுந்தது. மற்ற மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் துறைமுகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ரோப்பில் ஒரு புரி போனால் மீதிப் புரியை நம்பக் கூடாது. மொத்தத்தையும் இறக்கிவிட்டுப் புது ரோப் ஏற்ற வேண்டும். பழைய ரோப்பை நம்பி வின்ச் பக்கத்தில் நின்றவர்களில் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவருக்கு மூன்று விரல் இல்லை. இன்னொருவர் இப்போது படத்தில் மாலையோடு இருக்கிறார். அதனால் எதுவும் யோசிக்காமல் நாலு கம்பியையும் கழற்றினேன்.

கழற்றியதோடு விட்டிருக்கலாம். துறைமுகத்தில் பழைய இரும்பை யாரும் தூக்கிப் போடுவதில்லை. பழைய ரோப்பைப் பிரித்து, நறுக்கி, எதையாவது கட்டுவோம். அன்றைக்கு ஒரு படகில் சைலன்சர் குழாய் ஆடிக்கொண்டிருந்தது. கிதார் கம்பிகளை முழம் முழமாக வெட்டி, குழாயைத் தூணோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். துரு பிடிக்காத சரக்கு, கையையும் கிழிக்கவில்லை. படகு டிரைவர் வந்து பார்த்துவிட்டு, "சோக்கா கட்டிக்கிறியேபா, இன்னா கம்பி இது?" என்றார். "பாட்டு கம்பி," என்றேன். அவர் கெட்ட வார்த்தையில் சிரித்தார். மறுநாள் படகு ஆந்திரா பக்கம் கடலுக்குப் போய்விட்டது.

புதுக் கம்பி வாங்க மவுண்ட் ரோடு பக்கம் ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி. கடைக்காரர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அதற்கு ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம் என்பதுபோல் இருந்தது. இப்படிப்பட்ட இடங்களில் நான் தலையாட்டிவிடுவேன். என் வாழ்க்கையில் பல விஷயங்கள் அப்படித் தலையாட்டி வந்தவைதான். அவர் ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் மாட்டி முதல் கம்பியை அடித்தேன். காலடிப்பேட்டையில் எங்கள் வீடு ஒற்றை அறைதான், சத்தத்தைப் பெருக்கிக் காட்ட ஒரு சின்ன ஆம்ப் பெட்டி வைத்திருக்கிறேன். அதிலிருந்து வந்த சத்தத்தில் எனக்கே ரோமம் சிலிர்த்தது. 'தும்' போன இடத்தில் 'ணங்ங்ங்' என்று நீண்டுகொண்டே போனது. வேகமாக அடித்தால் டீசல் இன்ஜின் பற்றிக்கொள்வதுபோல் ஒரு உறுமல். நகத்துக்குப் பதில் பழைய ஏடிஎம் கார்டை வெட்டி வைத்திருப்பேன். அதை வைத்து இழுத்தால் அந்த உறுமலுக்குப் பல்லும் முளைத்தது. பதினைந்து வருடம் தரைக்கு அடியில் குழாயாகக் கிடந்தவன் முதல் தடவையாக வெளியே தலையை நீட்டியதுபோல் இருந்தது.

என் மனைவி மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றாள். காலடிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். சத்தத்துக்குப் பயப்படுகிறவள் கிடையாது.

"இன்னாய்யா, இத்தினி வருசமா ஊமையா இருந்துச்சு, இப்போ வாய் தொறந்துக்கிச்சு?"

"கம்பி மாத்துனேன்."

"உனுக்கும் ஒரு செட்டு வாங்கி மாட்டுய்யா."

அந்த ஞாயிறு ஒத்திகைக்கு ஆட்டோவில் போனேன். சாதாரணமாக பஸ்ஸில்தான் போவேன். கையில் இருந்தது புதுச் சத்தம் ஆயிற்றே, கூட்டத்தில் நசுங்கக் கூடாது. முதல் பாட்டில் பத்து எண்ணிக்கைகூட ஆகியிருக்காது, பாடகர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"யார் மேன் அது, பஸ் கண்டக்டர் காசுப் பைய குலுக்குறான்?"

டிரம்ஸ் அடிப்பவன் குச்சியால் என்னைக் காட்டினான். அவன் என் தோஸ்து, காசிமேட்டில் ஐஸ் வண்டி ஓட்டுகிறான். தோஸ்து என்றாலும் காட்டிக் கொடுப்பதில் ஒரு குறையும் வைக்க மாட்டான்.

பாடகர் என் பக்கத்தில் வந்து கம்பியைக் கட்டை விரலால் தேய்த்தார். கீச்சென்றது. அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், நான் அவருடைய நாய்க்குச் சாயம் அடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

"என் கம்பி எங்க? அந்த வழுவழு கம்பி?"

"அறுந்துடுச்சு."

"நாலுமா?"

"ஒண்ணு."

"மூணு எங்க மேன்?"

கடலில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? தரையைப் பார்த்தேன். அவர் வீட்டுத் தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டிருக்கும். சங்கடமான நேரத்தில் எண்ணுவதற்கு ஏற்றது.

அப்போது கீபோர்டு வாசிக்கும் தம்பி பேசினான். தெற்கத்திக் குடும்பம், வண்ணாரப்பேட்டையில் ஹார்டுவேர் கடை. நல்ல பையன், முப்பது வயது இருக்கும். ஒரு டப்பா பெயிண்ட் கேட்டு வந்தவர் இரண்டு டப்பாவும் ஒரு ஏணியும் வாங்கிக்கொண்டு போவார், அப்படி ஒரு குரல். கெட்டவனாக இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அங்கிள், அண்ணனத் திட்டாதீங்க. என் எடது கை சும்மாத்தானே இருக்கு? இதுல எல்லா பேஸும் இருக்கு." இரண்டு பித்தானை அமுக்கி இடது கையால் வாசித்துக் காட்டினான். பழைய 'தும்' அப்படியே வந்தது. என்னுடைய பதினைந்து வருடம் அவனுடைய ஐந்து விரலில் வந்தது.

பாடகர் யோசித்தார். அடுத்த ஞாயிறு மதியம் ராயபுரத்தில் ஒரு பழைய ஹாலில் டான்ஸ் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை, வெளிநாட்டுக்குப் போன சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து சேரும் நாள். அவர் அதற்காகத்தான் மற்ற ஐம்பத்தொரு வாரமும் உயிரோடு இருக்கிறார் என்று அவர் சம்சாரமே சொல்வார்.

"லிசன்," என்றார். "சண்டே காலைல சவுண்டு செக். என் 'தும்' வந்துச்சுன்னா நீ வாசி. இந்தக் கண்டக்டர் பை வந்துச்சுன்னா லெஃப்ட் ஹேண்டு வாசிக்கும். நீ வா, சாப்பிடு, போ. அதுக்கப்புறமும் லெஃப்ட் ஹேண்டு தான். கோவிச்சுக்காத மேன், எனக்கு வயசாயிடுச்சு."

சாப்பிடு, போ என்றதுதான் வலித்தது. என் வயதில் ஒருவனுக்கு, வாய் திறக்காமல் நாலு பேரோடு சேர்ந்து நிற்பதற்கு உலகத்தில் எத்தனை இடம் இருக்கிறது? சாவு வீடு ஒன்று. எங்கள் குழு ஒன்று. சாவு வீட்டில் கிதாருக்கு அனுமதி இல்லை.

திங்கட்கிழமை தோஸ்தின் ஐஸ் வண்டியில் மறுபடியும் மவுண்ட் ரோடு போனோம். ஐஸ் உருகிக் கடை வாசலில் குட்டையாக நின்றது. காவலாளி சத்தம் போட, தோஸ்து அவரைக் கவனித்துக்கொள்வதற்குள் நான் உள்ளே போய், முதல் தடவையாகத் தலையாட்டாமல் வாயைத் திறந்து கேட்டேன். கடைக்காரருக்குத் தமிழ் நன்றாகவே வந்தது.

"பட்டைக் கம்பியா? அது இப்ப யாரும் கேக்குறதில்ல சார். ஆர்டர் போட்டா மூணு வாரம் ஆகும். பழைய ராக் பாட்டுன்னா ரெண்டும் உண்டு. முதல்ல வந்த பாட்டுக்கெல்லாம் பட்டைக் கம்பி. அப்புறம் வந்தவங்க உருண்டைக் கம்பி மாட்டிக் கர்ஜிக்க ஆரம்பிச்சாங்க. உங்க ஆள் எந்தக் காலம்?"

"ரெண்டு காலமும் பாடுவாரு."

"அப்ப ரெண்டு கிதார் வேணும்."

வெளியே வந்து தோஸ்திடம் சொன்னேன். அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டே யோசனை சொன்னான். "போட்டுக்கு வயர்லெஸ்ல சொல்லு மாமு. சைலன்சர அவுத்துக்கினு வா, பாட்டு கச்சேரி கீதுன்னு."

"முழம் முழமா நறுக்கிட்டேன்டா."

"முடிச்சு போட்டு மாட்டு."

"போடா கஸ்மாலம்."

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வேலை முடிந்து வந்து கிதாரோடு மல்லுக்கட்டினேன். சத்தத்தின் கூர்மையைக் குறைக்கும் திருகை முழுக்க மூடினேன். தலையணைக்கு அடியிலிருந்து ஒருவன் பேசுவதுபோல் இருந்தது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வெட்டிக் கம்பிகளுக்கு அடியில், முடிகிற இடத்தில் செருகினேன். நீளம் குறைந்தது உண்மைதான். ஆனால் ஒரேயடியாகக் குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா, "யாரு கதவத் தட்றது?" என்று வெளியே வந்து பார்த்தார். என் மனைவி ஸ்பாஞ்சைத் தேடிக் கண்டுபிடித்தாள். அந்த உரையாடலை இங்கே எழுத முடியாது.

வியாழக்கிழமை ஒரு படகில் புது ரோப் ஏற்றினோம். கிரீஸ் போடாத புது ரோப் வின்ச்சில் ஏறும்போது கத்தும். புரிக்குப் புரி உரசிக்கொண்டு, தண்ணீருக்கு அந்தப் பக்கம் வரை கேட்கிற மாதிரி கத்தும். கிரீஸ் போட்டதும் வாயை மூடிக்கொள்ளும். பள்ளத்துக்குள் கிரீஸ் இறங்கினால் புரிகள் ஒன்றோடொன்று பேசாது, அவ்வளவுதான் விஷயம். முப்பது வருடமாகத் தினமும் பார்க்கிற காட்சி. அன்றைக்கு மட்டும் என் கை பாதியில் நின்றுவிட்டது.

ஒரு தேங்காய் ஓட்டில் கிரீஸ் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ரோப்புக்குப் போடுவதுபோலவே போட்டேன். துணியில் எடுத்து, கம்பியை உள்ளங்கையில் பிடித்து, மேலிருந்து கீழே ஒரு இழு. பிறகு வெறும் துணியால் துடைத்துவிட வேண்டும். மேலே நிற்பது தேவையில்லை, பள்ளத்தில் இறங்கியது போதும். நாலு கம்பியும் கறுத்து, மக்கிய வாடையோடு நின்றன. ஆம்ப் போட்டு அடித்தேன்.

'தும்.'

முழுசாகப் பழைய 'தும்' இல்லை. அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். ஆனால் வந்த வேகத்தில் அடங்கியது, வயிற்றில் விழுந்தது, கீச்சென்ற சத்தம் சுத்தமாக இல்லை. விரல் கொஞ்சம் அதிகமாகவே வழுக்கியது. என் மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"இது இன்னாய்யா, கருவாட்டுக் கூடைய தட்ற மாரி கீது."

"இத்த தான் அவுரு கேக்குறாரு."

"நல்லா வாய் தொறந்துக்கினு இருந்துச்சே. வாயில கிரீஸ வச்சு அடச்சிட்டியே."

அவள் சொன்னதில் எனக்கும் வருத்தம் இருந்தது. அந்த உறுமல் நாலு நாள்தான் என்னோடு இருந்தது. ஆனால் உறுமலை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் நிற்பது?

ஞாயிறு காலை ஹாலுக்குப் போனோம். உயரமான கூரை, மரத் தரை, சுவரில் யாருடைய முகம் என்று கண்டுபிடிக்க முடியாத பழைய படங்கள். பின்பக்கத்தில் பந்து கறி என்கிற கொத்துக்கறி உருண்டைக் குழம்பு கொதிக்கும் வாசனை. கீபோர்டு தம்பி எனக்கு முன்னாலேயே வந்து, இடது கைக்கான பித்தான்களைச் சரிசெய்து வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கிதாரை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். மரியாதைதான். நான் கொடுக்கவில்லை, கிரீஸ் ஒட்டும்.

பாடகர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "வாசி."

வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். இரண்டாவது பாட்டும் வாசிக்கச் சொன்னார். பிறகு எழுந்து வந்து கம்பியில் கை வைத்தார். கையை மூக்குக்குக் கொண்டுபோனார்.

"ஜீசஸ். இன்ஜின் ஷெட்டு வாசனை வருது மேன்."

"வின்ச் கிரீஸு."

"கிரீஸா?" அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்பது வருடம் ரயில் ஓட்டியவருக்குக் கிரீஸைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. தோளைக் குலுக்கிச் சிரிக்க ஆரம்பித்தார். என் சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டார். "ஓகே. நீயே வாசி."

என் மூச்சு கீழே இறங்குவதற்குள் அவரே தொடர்ந்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த ஒரு பாட்டு மட்டும் லெஃப்ட் ஹேண்டு. அதுல உறுமணும். இதுல உறுமாது."

எந்தப் பாட்டு என்று கேட்க வேண்டியதில்லை. எங்கள் பட்டியலிலேயே அது ஒன்றுதான் பேஸ் தனியாக ஆரம்பிக்கிற பாட்டு. டிரம்ஸ் இல்லை, பாட்டு இல்லை, எட்டு எண்ணிக்கைக்கு நான் மட்டும்தான். பதினைந்து வருடமாக அந்த எட்டு எண்ணிக்கையும் செத்த கம்பியில் போனது. பாடகர் அப்போது ஏதாவது ஜோக் சொல்லிச் சமாளிப்பார். வீட்டில் இருந்த நாலு நாள் உறுமலில் நான் வேறு எதையும் வாசிக்கவில்லை, அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். கீபோர்டு தம்பி தலையை ஆட்டினான். இடது கையில் ஒரு பித்தானை மாற்றிக்கொண்டான். உறுமலும் அதில் இருந்தது.

மதியம் ஆட்கள் வந்தார்கள். பூப்போட்ட கவுன், பளபளப்பான ஷூ, ஊன்றுகோல். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆடினார்கள். முதல் பாதி முழுக்க 'தும்' நன்றாகவே உட்கார்ந்தது. ஒரு வயதான அம்மா என் எதிரில் வந்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தரையைப் பார்த்தேன். என் சட்டையின் முன்பக்கம் கறுப்பாகிக்கொண்டே வந்தது.

இடைவேளையில் எல்லோரும் மஞ்சள் சோற்றுக்கும் பந்து கறிக்கும் வரிசையில் நின்றார்கள். தோஸ்து தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"துன்றியா மாமு?"

"பசிக்கல."

"இன்னாத்துக்கு பேஜாரு? எல்லாப் பாட்டும் உன்னுது. ஒண்ணே ஒண்ணு அவன் வாசிக்கட்டுமே."

"இன்னிக்கு ஒண்ணு. அடுத்த வருசம் ரெண்டு."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். அவன் பதில் சொல்வதற்குள், ஹாலைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு பெரிய பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து காலியான தரையில் தூவ ஆரம்பித்தார். மரத் தரையில் ஷூ வழுக்கி ஓடுவதற்காகத் தூவுவது. ஆடியவர்களின் வேர்வையும் சாப்பாட்டு எண்ணெயும் சிந்தியிருந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாகக் கொட்டிக் காலால் தேய்த்தார். எண்ணெய் பவுடரில் உருண்டு வந்துவிட்டது.

நான் எழுந்து போய் டப்பாவைக் கேட்டேன். அந்நிய மனிதரிடம் நானாகப் போய்ப் பேசியதில் தோஸ்து மறுபடியும் மெல்லுவதை நிறுத்தினான்.

நாலு கம்பிக்கும் நேரம் இல்லை. அந்தப் பாட்டின் ஆரம்பத்தைத் தடித்த கம்பிகளில்தான் எப்போதும் வாசிப்பேன். ஆனால் கீழே இருக்கும் மெல்லிய இரண்டிலும் அதே ஸ்வரங்கள் ஒரு ஸ்தாயி மேலே கிடைக்கும். அந்த இரண்டுக்கு மட்டும் பவுடரைக் கொட்டினேன். கைக்குட்டையால் பிடித்து இழுத்தேன். முதல் இழுப்பில் பவுடரும் கிரீஸும் சேர்ந்து கறுப்புச் சேமியாவாக வந்தது. மறுபடி பவுடர், மறுபடி இழுப்பு. கைக்குட்டை போனது. தோஸ்து தன் தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தான். ஆறாவது இழுப்பில் கம்பி கீச்சென்றது. அந்தக் கீச்சைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று போன ஞாயிறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டாம் பாதி தொடங்கியது. இரண்டு பாட்டு போனது, தடித்த கம்பிகளில் 'தும்' போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பாடகர் மைக்கைப் பிடித்து அந்தப் பாட்டுக்கு முன்னால் சொல்கிற கதையை ஆரம்பித்தார். இங்கிலீஷ்தான். ஆனால் பதினைந்து தடவை கேட்டதால் எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று எனக்குத் தெரியும். அவர் சம்சாரம் ஏதோ தீய விட்டுவிடுவார், அதில் முடியும்.

பக்கத்தில் பார்த்தேன். கீபோர்டு தம்பி இடது கையை மேலே கொண்டுவந்து, கட்டைகளுக்கு ஒரு அங்குலம் மேலே தயாராக வைத்திருந்தான். கதை முடிந்து, பாடகர் விரலைச் சொடுக்கி எண்ணினால் அந்தக் கை இறங்கும். "தம்பி, நான் வாசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். மூன்றே மூன்று வார்த்தை. அத்தனை பேர் முன்னால், மேடையில். வாய் வரவில்லை. நாக்கு கிரீஸ் போட்டதுபோல் இருந்தது. ஏடிஎம் கார்டுத் துண்டு மட்டும் விரலில் இருந்தது.

பாடகரின் கதையில் சம்சாரம் இன்னும் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. நான் ஆரம்பித்துவிட்டேன்.

முதல் அடியிலேயே கம்பியிலிருந்து பவுடர் புகையாகக் கிளம்பியது. ஸ்பீக்கரிலிருந்து வந்த உறுமலில் ஒரு பாட்டி தட்டைக் கீழே வைத்தார். பாடகர் வாய் திறந்தபடியே என் பக்கம் திரும்பினார். ஹால் முழுக்க என்னைப் பார்த்தது. நல்லவேளை, கைகளுக்கு வேலை இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு அடிக்கும் ஒரு வெள்ளைப் புகை. ஐந்தாவதில் யாரோ விசில் அடித்தார். ஏழாவதில் கீபோர்டு தம்பியின் இடது கை எங்கே என்று பார்த்தேன். அது மடியில் இருந்தது. எட்டு முடிந்ததும் தோஸ்து டிரம்ஸை உடைப்பதுபோல் இறங்கினான். ஊன்றுகோல்கள் எல்லாம் மறுபடியும் சுவருக்குப் போயின.

பாட்டு முடிந்ததும் பாடகர் மைக்கை வாயருகே வைத்தார். இந்தத் தடவை தமிழில் பேசினார், எனக்காகத்தான் இருக்க வேண்டும்.

"லேடீஸ் அண்டு ஜென்டில்மென், இவன் பதினஞ்சு வருசமா என்கூட இருக்கான். வாயத் தொறந்து நான் பாத்ததில்ல. இன்னிக்கு நான் பேசும்போது குறுக்க பேசிட்டான். மேனர்ஸே கிடையாது."

சிரித்தார்கள். காது சூடாகிவிட்டது எனக்கு. தரையைப் பார்க்கலாம் என்றால் என் காலைச் சுற்றிலும் பவுடர். அவர் அடுத்த பாட்டுக்குக் கிதாரைச் சுருதி சேர்க்கத் திரும்பினார்.

கீபோர்டு தம்பி என் பக்கம் சாய்ந்தான். கோபம் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "அண்ணே, இனிமே இந்தப் பாட்டுக்கும் நீங்கதானா?"

"நான் தான்," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.